பாசியில் சிக்காத முள்

நாராயணப்பனுக்குக் கரியப்பன் தொண்ணூறு ரூபாய் கடன்பட்டிருந்தான். நூற்றுக்கு மாசம் ரெண்டு ரூபாய் வட்டி. ஆடி ஒன்றாம் தேதி வாங்கியது, வைகாசி ஒன்றாம் தேதி திருப்ப வேண்டும். பத்து மாச வட்டி பதினெட்டு, ஆக நூற்றெட்டு ரூபாய். தவறினால் ஒரு வருஷம் நாராயணப்பன் பண்ணையில் ஏர் பிடிக்க வேண்டும். பத்திரம் கித்திரம் எதுவும் எழுதவில்லை. ஊர் நடுவே நாலு பேர் காது கேட்கச் சொன்ன வாய்ச்சொல்தான். அந்தக் காலத்தில் கையெழுத்து, கைநாட்டு எல்லாம் அதுவே.

ஒரு வருஷம் ஏர் பிடிப்பது ஒரு பெரிய விஷயமா என்று இன்றைக்கு யாராவது கேட்கலாம். கரியப்பன் ஒன்பது வயசில் அதே பண்ணைக்கு மாடு மேய்க்கப் போனவன். அப்பன் வாங்கிய கடனுக்கு இவன் உழைத்தது பதினேழு வருஷம். இருபத்தாறு வயசில் வெளியே வந்தான். பர்கூர் பக்கம் கல் உடைத்தான், குந்தாரப்பள்ளிச் சந்தையில் மூட்டை தூக்கினான், கூரை போட்டான், ஒரு பசுவும் பிடித்துக் கட்டினான். எல்லாம் அவன் கையால் வந்தது. பள்ளிக்கூடத்தில் அவன் உட்கார்ந்தது மூன்றே மாசம். ஆனால் தமிழ், தெலுங்கு, கன்னடம் என்று மூன்று பாஷையிலும் சண்டை போட்டு ஜெயிப்பான். அப்படிப்பட்டவன் மறுபடி அந்த மாட்டுக் கொட்டகைக்குள் நுழைவதா? செத்தாலும் மாட்டேன் என்றுதான் இருந்தான்.

பிறகு ஏன் கடன் வாங்கினான் என்றால், ஏலத்தில் வாய் விட்டுவிட்டான்.

குந்தாரப்பள்ளிக்குத் தெற்கே அவர்கள் ஊர் ஏரி. ஊரில் பாதிப் பேர் வீட்டில் தெலுங்கு என்பதால் பெரிய ஏரிக்குப் பெத்தேரி என்றே பெயர். வருஷா வருஷம் ஆடியில் அதன் மீனை ஏலம் விடுவார்கள். ஏலம் எடுத்தவனுக்கு எதுவரை உரிமை என்பதற்கு அந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. மதகுக்குப் பக்கத்தில் ஏரிக்குள் ஒரு கல் நட்டிருக்கும். கல்லின் அடி தண்ணீருக்குள் இருக்கும்வரை மீன் ஏலக்காரனுடையது. அடி வெளியே தெரிந்த மறுநாள் ஏரி பொது. யார் வேண்டுமானாலும் இறங்கிப் பிடிக்கலாம். ஏலக்காரனும் அவர்களில் ஒருத்தன், அவ்வளவுதான்.

பெத்தேரியை நாற்பது ரூபாய்க்கு மேல் யாரும் கேட்டதில்லை. விரால் நிறைய உண்டு. ஆனால் ஏரி நடுவில் வேலமரக் கட்டைகள் தண்ணீருக்குள் நிற்கும், வலை போட்டால் கிழியும். மிச்ச இடமெல்லாம் தாமரையும் பாசியும். அந்த வருஷம் ஏலத்தில் நாராயணப்பன் வேண்டுமென்றே விலையை ஏற்றிக்கொண்டே போனார். கரியப்பனும் விடவில்லை. எண்பது என்றான்.

"எண்பத்தஞ்சு" என்றார் நாராயணப்பன். "ஏன்டா கரியா, வலை போட்டாக் கட்டை கிழிக்குது, எறங்கினாத் தாமரைக்கொடி காலைச் சுத்துது. நீ இன்னா பண்ணப் போற? விராலைப் பேர் சொல்லிக் கூப்புடுவியா?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. கரியப்பனுக்குக் காது சூடாகிவிட்டது.

"தொண்ணூறு. தூண்டில்லயே புடிப்பேனுங்க. ஏரிக் கல்லு தெரியறதுக்குள்ள ஒரு விரால் மிச்சம் வெக்க மாட்டேன்."

"பணம் மடியில இருக்குதா?"

மடியில் மூன்று ரூபாய்ச் சில்லறை இருந்தது. நாராயணப்பன் சிரித்துக்கொண்டே, "நான் தரேன் வாங்கிக்கோ" என்றார். அவர் பேச்சு அப்போது தேனாக இருந்தது. ஏரிக்குக் கீழே இருந்த நாலு ஏக்கர் அவருடையது, மதகைத் திறக்கிற முறையும் அவருடையது என்பதைக் கரியப்பன் அந்த நிமிஷம் நினைத்துப் பார்க்கவில்லை.

இன்னொன்றையும் அவன் நினைத்துப் பார்க்கவில்லை. தூண்டில் போடுவதில் அந்தச் சுற்று வட்டாரத்தில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது, அது உண்மை. ஆனால் அவன் மீன் பிடித்ததெல்லாம் தென்பெண்ணை ஆற்றில். அங்கே மணலும் ஓடுகிற தண்ணீரும்தான். பாசிக்குள் தூண்டில் போட்டுப் பழக்கமில்லாத கை அது. ஆறு வேறு, ஏரி வேறு என்று அவனுக்குச் சொல்லித் தர யாருமில்லை. சொல்லியிருந்தாலும் அவன் கேட்டிருக்க மாட்டான்.

ஐப்பசி மழையில் ஏரி நிரம்பியது. தண்ணீர் தெளிந்து மீன் பாசிக்குள் ஒதுங்கத் தை மாசம் ஆனது. தைப்பொங்கல் முடிந்த மறுநாளே மூங்கில் கழியும், எண்ணெய் தடவி முறுக்கிய நூலும், சந்தையில் வாங்கிய ரெண்டு டஜன் தூண்டில் முள்ளுமாகக் கரையில் போய் நின்றான். தவளைக் குஞ்சைக் குத்தித் தாமரை இலைகளுக்கு நடுவே வீசினான். இழுத்தான். வந்தது ஒரு முறம் பாசி.

மறுபடி வீசினான். தாமரைத் தண்டில் முள் ஏறி நின்றுவிட்டது. இழுத்த இழுப்பில் நூல் அறுந்தது. பத்து அடி தள்ளி ஒரு விரால் பளாரென்று மேலே வந்து காற்றுக் குடித்துவிட்டுப் போனது, இவனைப் பார்த்துச் சிரித்த மாதிரி.

சின்ன முள் போட்டால் சிக்காது என்று யாரோ சொன்னார்கள். சின்ன முள்ளும் சிக்கியது. அதோடு, தப்பித் தவறி மாட்டிய ஒரு விரால் அதை நிமிர்த்திவிட்டுப் போனது. பெரிய முள் போடு என்றார்கள். பெரிய முள் தண்டை அறுத்துக்கொண்டு வரும் என்று பார்த்தால், வேலங்கட்டையில் போய்க் குத்தி உட்கார்ந்துகொண்டது. மாசி பிறப்பதற்குள் முப்பத்தோரு முள் ஏரிக்குப் போயிற்று. கையில் வந்த விரால் நாலு.

தினமும் இடுப்பளவு பாசியோடு வீட்டுக்கு வந்தான். மாரம்மா வாசலில் நின்று பார்ப்பாள். அவன் பெண்சாதி. எடுத்த எடுப்பில் எதுவும் சொல்ல மாட்டாள்; சோறு போட்டுவிட்டுத்தான் ஆரம்பிப்பாள்.

"பாசியைச் சந்தையில வித்தா வீசை எவ்ளோ போவும்யா?"

"வாயை மூடு."

"இல்ல, நூத்தெட்டு ரூவாய்க்கு எத்தினி வண்டி பாசி வேணும்னு கணக்குப் பாத்தேன்."

கரியப்பன் சோற்றில் கையை உதறிவிட்டு எழுந்து போனான். ஆனால் அன்றைக்கே அவனுக்கு ஒரு விஷயம் தெளிவானது. மீன் இருக்கிறது, இரை இருக்கிறது, கை இருக்கிறது. கெடுப்பது முள்ளின் நுனி. நுனி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்வரை அது மீன், பாசி, கட்டை என்று பார்க்காமல் எல்லாவற்றையும் குத்தும். மீன் கடிக்கும்போது மட்டும் வெளியே வரவேண்டும், மற்ற நேரமெல்லாம் ஒளிந்திருக்க வேண்டும். அப்படி ஒரு முள் எந்தக் கடையிலும் இல்லை.

முதலில் விளக்குமாற்றில் ஒரு ஈர்க்கை உருவி, முள்ளின் காதில் கட்டி, நுனிக்கு முன்னால் காவலாக வளைத்து வைத்தான். பாசியில் சறுக்கிக்கொண்டு அழகாக வந்தது. விராலும் வந்து கடித்தது. ஈர்க்கு விறைப்பாக நின்று விராலையும் காத்துவிட்டது. ஈர்க்கைச் சீவி மெலிசாக்கினான். பாசியே அதை ஒதுக்கிவிட்டு முள்ளைப் பிடித்துக்கொண்டது. செருப்புத் தைப்பவரிடம் பன்றி மயிர் வாங்கிக் கட்டினான்; அது தண்ணீரில் ஊறித் துவண்டு போனது. அடுத்து, நுனியைத் தவளையின் உடம்புக்குள்ளேயே புதைத்துப் பார்த்தான். அது வேலை செய்தது, ரெண்டே வீச்சுக்கு. மூன்றாவது வீச்சில் தவளை கிழிந்து போகும். ஒரு நாளைக்கு நாற்பது தவளைக்கு எங்கே போவது? வெயில் ஏற ஏறத் தவளையும் கிடைக்கவில்லை. தவளை தேடி வரப்பு வரப்பாகக் குனிந்து திரிந்தவனைப் பார்த்து நாராயணப்பன் ஆள் ஒருத்தன், "கரியப்பண்ணா, நாத்து நடக் குனியப் பழகறியா? பரவால்ல, வைகாசிக்கு ஒதவும்" என்றான்.

அந்த வார்த்தை குந்தாரப்பள்ளி வரைக்கும் அவன் காதில் இரைந்துகொண்டே வந்தது. சந்தை முக்கில் கோவிந்தப்பனின் சைக்கிள் கடை. கோவிந்தப்பன் தெலுங்குக்காரன், கரியப்பனோடு மூட்டை தூக்கியவன். கடையில் உட்கார்ந்து புலம்பிக்கொண்டிருந்தபோது கோவிந்தப்பன் பழைய சிவப்பு ட்யூப் ஒன்றைக் கத்தரியால் நாடா நாடாக வெட்டிக்கொண்டிருந்தான். ஒரு நாடா தரையில் விழுந்து சுருண்டு நெளிந்தது.

கரியப்பன் புலம்பலை நிறுத்தினான்.

"அதை எடு."

"ஏமி? எதை?"

"அந்தப் புழுவை."

"புழுவா? ஏம்ப்பா, வெயில்ல மூளை கொழம்பிடுச்சா?"

விரல் நீள ரப்பர் நாடாவின் தலையில் முள்ளின் நுனியைக் குத்தி, கொஞ்சம் உள்ளே விட்டு வெளியே எடுத்து, முள்ளைத் திருப்பி, நுனியை மறுபடி ரப்பரின் வயிற்றுக்குள் புதைத்தான். வெளியே பார்த்தால் ஒரு சிவப்புப் புழு தொங்குகிறது. தடவிப் பார்த்தால் எங்கும் குத்தவில்லை. தன் வேட்டியில் போட்டு இழுத்தான், சிக்கவில்லை. கோவிந்தப்பனின் தலைமுடியில் போட்டு இழுத்தான், சிக்கவில்லை. கோவிந்தப்பன் வைதான். கிழியாத தவளை, சாகாத புழு! சீமையில் படித்தவனுக்குத் தோன்றியிருக்குமா இது? பழைய ட்யூப் முழுதையும் நாலணாவுக்கு வாங்கிக்கொண்டு ஓட்டமாக ஓடினான்.

மறுநாள் பெத்தேரியின் நட்ட நடுத் தாமரைக்குள் வீசினான். இலை மேல் ஏறி, இறங்கி, பாசியைக் கிழித்துக்கொண்டு சிவப்புப் புழு சுத்தமாக வந்தது. ஒரு இழை பாசி இல்லை. மூன்றாவது வீச்சில் இலை அடியிலிருந்து தண்ணீர் வெடித்தது. கழி வளைந்தது. கரியப்பன் வெட்டி இழுத்தான். புழு மட்டும் பறந்து வந்து அவன் முகத்தில் அறைந்தது.

அன்றைக்குப் பதினோரு விரால் கடித்தது. பதினொன்றும் துப்பிவிட்டுப் போயிற்று.

இதுதான் அவனை ஒடித்துப் போட்டது. பாசி சிக்கியபோது பாசியைத் திட்டலாம். இப்போது எல்லாம் சரியாக இருக்கிறது, மீனும் வாயில் வாங்குகிறது, கையில் வரவில்லை. கழியைக் காலால் மிதித்து ரெண்டாக உடைத்தான். உடைத்துவிட்டு, அது நல்ல கழியாயிற்றே என்று அதற்கும் சேர்த்து எரிச்சல் பட்டான். பங்குனி பாதி ஆகிவிட்டது. அதுவரை மொத்தமாகச் சேர்ந்தது பதினோரு ரூபாய். நாராயணப்பன் கோடை நெல் போட்டு, ஒருநாள் விட்டு ஒருநாள் மதகைத் திறந்துகொண்டிருந்தார். நட்ட கல்லில் தண்ணீர்க் கோடு ஒரு சாண் இறங்கியிருந்தது.

வீட்டு வாசலில் உட்கார்ந்து அந்தப் புழுவையே வெறித்துப் பார்த்தான். பிறகு கட்டைவிரலையும் ஆட்காட்டி விரலையும் விராலின் தாடை மாதிரி வைத்து அதை அழுத்தினான். அழுத்தியதும் ரப்பர் மடிந்து, முள்ளின் வளைவுக்குள் போய் அடைத்துக்கொண்டது. நுனி ரப்பருக்குள்ளேயே கிடந்தது. மறுபடி அழுத்தினான். மறுபடி அதே.

"மாரம்மா! இங்க வா. இதப் பாரு. வாய் சின்னது!"

"யார் வாய்?"

"முள்ளு வாய்!"

முள்ளின் தண்டுக்கும் நுனிக்கும் நடுவே இருக்கிற இடைவெளியைத்தான் வாய் என்றான். கடை முள்ளுக்கெல்லாம் குறுகின வாய். மண்புழு குத்த அது போதும். கனத்த ரப்பர் மடிந்து ஒதுங்குவதற்கு இடம் வேண்டும், ஒதுங்கினால்தான் நுனி வெளியே வந்து குத்தும். அகன்ற வாய் வேண்டும். கிருஷ்ணகிரியில் கேட்டான், இல்லை. ஓசூர் போகிற லாரிக்காரரிடம் சொல்லிவிட்டான். அவர் வாங்கி வந்தது கிணற்றில் விழுந்த குடத்தை எடுக்கிற பாதாளக் கரண்டி. கரியப்பனுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. லாரிக்காரர் காசைக் கேட்டு வாங்கிக்கொண்டுதான் போனார்.

சரி, நானே செய்கிறேன் என்று இறங்கினான். தென்பெண்ணைக்குக் குறுக்கே அப்போது அணை கட்டிக்கொண்டிருந்தார்கள். அங்கே சிமெண்டுச் சாக்குகளைத் தைக்கக் கோணி ஊசி வைத்திருப்பார்கள். நல்ல எஃகு, நூல் கோக்கக் காதும் கூடவே இருக்கிறது. ஒரு டஜன் வாங்கிவந்து மாரம்மாவின் அடுப்பில் காய்ச்சி, குறட்டால் வளைத்து, வாயை அகலமாக வைத்து, அரத்தால் நுனியைக் கூராக்கி, சாம்பலில் ஆறப் போட்டான். பார்க்க மகாராஜா மாதிரி இருந்தது. முதல் விரால் அதை குடைக் கம்பி மாதிரி நிமிர்த்திவிட்டுப் போனது. சாம்பலில் ஆறினால் இரும்பு இளகிவிடுகிறது. அடுத்ததைச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டான். சுர்ரென்றது. கல்லில் தட்டினால் கண்ணாடி மாதிரி ஒடிந்தது. அஞ்சு ஊசி இப்படிப் போன பிறகு, மாரம்மா விளக்குக்கு வைத்திருந்த புங்கெண்ணெயில் போட்டு, எடுத்து, தணலின் மேல் லேசாகக் காட்டி, நிறம் நீலமாக ஓடும்போது எடுத்தான். வளைத்தால் வளைந்தது, விட்டால் திரும்பியது.

எண்ணெயில் போடச் சொன்னது நான்தான் என்று கோவிந்தப்பன் சாகிறவரை சொல்லிக்கொண்டிருந்தான். அவன் சொன்னது வேப்பெண்ணெய். கரியப்பன் போட்டது புங்கெண்ணெய். ரெண்டும் ஒன்றா?

இன்னும் ஒரு கோளாறு இருந்தது. வீசுகிற வேகத்தில் புழுவின் தலை தண்டில் வழுக்கிக் கீழே இறங்கிச் சுருண்டுகொண்டது. அதற்குக் காதுக்குக் கீழே தண்டை ஒரு படிக்கட்டு மாதிரி மடக்கி வளைத்தான். புழு அந்தப் படியில் உட்கார்ந்துகொண்டது. அதற்கப்புறம் அது நகரவில்லை.

சித்திரை ரெண்டாம் தேதி, வேலங்கட்டைகளின் இடுக்கில், அவன் முழங்கை நீளத்தில் ஒரு விரால் அந்தப் புழுவை வாங்கியது. கரியப்பன் இழுத்தான். மீன் கரைக்கு வந்து மண்ணில் துள்ளியது. அவன் மேல் விழுந்து அமுக்கிக்கொண்டு, யாரும் பக்கத்தில் இல்லாதது தெரிந்தும், "பேர் சொல்லிக் கூப்புட்டேன், வந்துடுச்சு பாரு!" என்று கத்தினான்.

அதன் பிறகு தினம் நாலு, அஞ்சு என்று வந்தது. ஈரச் சாக்கில் உயிரோடு சுற்றி அணை வேலை முகாமுக்குத் தூக்கிப் போனால், மேஸ்திரிகள் வீசை ஒன்றேகால் ரூபாய்க்கு அடித்துப் பிடித்து வாங்கினார்கள். எப்படிப் பிடிக்கிறான் என்று யாருக்கும் காட்டவில்லை. யாராவது கரைப்பக்கம் வந்தால் முள்ளை மடியில் செருகிக்கொண்டு, தண்ணீரைப் பார்த்தபடி பீடி பிடிப்பான்.

சித்திரை இருபதில் கணக்குப் பார்த்தான். கல்லின் அடி தெரிய இன்னும் ரெண்டு வாரம் ஆகும் என்று தோன்றியது. கட்டையில் முள் போய்க்கொண்டே இருக்கிறதே, மொத்தமாக ஒரு கட்டு செய்து வைத்துவிட்டால் கடைசி வாரம் நிம்மதியாகப் பிடிக்கலாம் என்று, இன்னும் கொஞ்சம் கோணி ஊசி வாங்கிவந்து, ஏரிக்குப் போகாமல் மூன்று நாள் உட்கார்ந்து முள் அடித்தான். அந்த மூன்று நாளும் நாராயணப்பன் பகல் முழுக்க மதகைத் திறந்து விட்டார். கதிர் வாங்குகிற பயிருக்குத் தண்ணீர் வேண்டும், அதில் தப்புச் சொல்ல முடியாது. நாலாம் நாள் காலை கரியப்பன் போய்ப் பார்த்தபோது, தண்ணீர் கல்லின் அடியிலிருந்து ரெண்டு விரல் மேலே நின்றது. வெறி பிடித்தவன் மாதிரி நாலு நாள் பிடித்தான். இருபத்தேழாம் தேதி அடி தெரிந்துவிட்டது. கிராமத்தார் வந்து பார்த்து, "ஆயிப் போச்சுப்பா கரியப்பா, நாளைக்கு ஏரி பொது" என்றார்கள்.

செலவு போகக் கையில் சேர்ந்திருந்தது தொண்ணூறரை ரூபாய். குறைந்தது பதினேழரை.

"பதினேழரைதானய்யா? பசுவை வித்துடலாம்" என்றாள் மாரம்மா.

"புல்லு காஞ்சு கெடக்கற சித்திரையில மாட்டை எவன் வெலைக்கு வாங்குவான்? அதுவும் அந்தாளே அடிமாட்டு வெலைக்குக் கேப்பான்."

அந்த மூன்று நாளை நினைத்து நினைத்து அவன் நெற்றியில் அடித்துக்கொண்டான்.

மறுநாள் பொழுது விடிந்ததும் நாலு ஊர் ஜனம் ஏரியில் இறங்கியது. வலை, கூடை, பானை என்று கையில் கிடைத்ததோடு வந்தார்கள். அணை முகாமிலிருந்து லாரியில் ஒரு கூட்டம் வந்தது. தண்ணீர் குறைந்து நடுப்பள்ளத்தில்தான் விரால் முழுதும் அடைந்திருந்தது. அங்கே தாமரை வேரும் தொடையளவு சேறும். இறங்கியவர்கள் புதைந்து, பிறர் கைகொடுத்து வெளியே வந்தார்கள். வலைகள் கட்டையில் கிழிந்தன. தூண்டில் போட்டவர்கள் முறம் முறமாகப் பாசியை இழுத்தார்கள். கரியப்பன் ஒரு மேட்டில் நின்று தன் முள்ளைப் போட்டான். எல்லாரும் பார்க்கத்தான் போட்டான். இனி மறைத்து என்ன? ஒரு விரால். கொஞ்ச நேரத்தில் இன்னொன்று.

முகாம் மேஸ்திரி ஒருத்தர் பக்கத்தில் வந்து நின்றார்.

"இன்னாய்யா முள்ளு அது? எனக்கொண்ணு குடு."

கொடுத்தால் ரகசியம் போய்விடும். போனால் அடுத்த ஏலத்தில் பெத்தேரி இவனுக்கு எட்டாது. ஆளுக்கு ஆள் இந்த முள்ளை அடித்துக்கொண்டு வந்து நிற்பார்கள். ஒரு கோடை பூரா தலையை உடைத்துக்கொண்டு, ஒரு கழியை உடைத்து, அடுப்பைப் பாழாக்கிக் கண்டது. மடியில் கட்டு கட்டாக இருந்தது, அந்த மூன்று நாளில் அடித்த இருபத்துநாலு முள். இன்றைக்குக் கொடுக்காவிட்டால் வைகாசி ஒன்றில் ஏர்.

"எட்டணா" என்றான் கரியப்பன். குரல் அவனுக்கே கேட்கவில்லை.

"எட்டணாவா? சந்தையில அணாவுக்கு ரெண்டு!"

"அதை வாங்கிப் பாசி புடிங்க."

மேஸ்திரி எட்டணாவை எடுத்தார். பத்து நிமிஷத்தில் அவர் விரால் பிடித்ததும் கூட்டம் கரியப்பனைச் சூழ்ந்துகொண்டது. பத்து முள் எட்டணாவுக்குப் போயிற்று. மிச்சம் பதினாலு என்றதும் ஒரு ரூபாய் என்றான். வைதுகொண்டே வாங்கினார்கள். ஒவ்வொருத்தருக்கும் ஒரு ரப்பர் புழுவையும் கொடுத்து, நுனியை எப்படிப் புதைப்பது, புழுவை எப்படிப் படியில் உட்கார வைப்பது என்று அவனே காட்டிக் கொடுத்தான். சிரிப்பு வரவில்லை. இன்றைக்கு இந்த வட்டாரத்தில் பாசி ஏரியில் தூண்டில் போடுகிற ஒவ்வொருத்தனும் அவன் முள்ளைத்தான் போடுகிறான், ஒருத்தனுக்கும் அவன் பெயர் தெரியாது.

பிற்பகலில் நாராயணப்பன் வேடிக்கை பார்க்கக் கரைக்கு வந்தார். பளிச்சென்று வெள்ளை வேட்டி.

"இன்னாடா கரியா, ஒரு விரால் மிச்சம் வெக்க மாட்டேன்ன? ஊரே அள்ளிட்டுப் போவுது. சரி, வெசனப்படாத. வைகாசி ஒண்ணு, கோழி கூப்புடக் கொட்டாய்க்கு வந்துடு. செவலை ஜோடி உனக்குத்தான்."

சுற்றியிருந்தவர்கள் மீன் பிடிப்பதை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். கரியப்பன் இடுப்பு முடிச்சை அவிழ்த்தான். நோட்டும் சில்லறையும் மீன் செதிலோடு ஒட்டிக்கொண்டிருந்தன.

"பணம் இருக்குதுங்க எசமான். எண்ணி வாங்கிக்கங்க."

நாராயணப்பனின் முகம் ஒரு நிமிஷம் செத்துப்போனது. பிறகு முகவாயால் தரையைக் காட்டினார். "வெச்சுட்டுப் போ. ஆள் எடுத்துக்கும்."

அவர் வீட்டு வழக்கம் அது. கரியப்பனைப் போன்றவர்கள் கொடுப்பதைக் கையில் வாங்க மாட்டார்; தரையில் வைத்துவிட்டுத் தள்ளி நிற்க வேண்டும். பதினேழு வருஷம் அப்படியே வைத்துப் பழகிய கரியப்பன் குனியப் போனான். கால் சேற்றில் கணுக்கால் வரை இருந்தது. கரை முழுக்க நாலு ஊர் ஜனம் மிதித்துக் கலக்கிய சேறு, பாசி, மீன் கழிவு. எங்கும் ஒரு சாண் காய்ந்த தரை இல்லை. அவன் நிமிர்ந்தான்.

"கீழ வெச்சா நோட்டு ஊறிப் பூடுங்க. அப்பறம் செல்லலன்னு சொல்லுவீங்க."

"துண்டுல முடிஞ்சு ஆள்கிட்ட குடு."

"வாங்கினது உங்ககிட்ட. எண்ணிக் குடுக்கணும்ங்களே, நாலு பேர் பாக்க. கையை நீட்டுங்க."

யாரோ ஒருத்தர் கனைத்தார். மேஸ்திரி, புதிதாக வாங்கிய முள்ளைக் கையில் பிடித்தபடியே, "அவன் சொல்றது நாயம்தானுங்களே" என்றார். நாராயணப்பன் தன் ஆளைத் தேடிப் பார்த்தார். ஆள் நடுப்பள்ளத்தில் இடுப்பளவு சேற்றில், ஒரு ரூபாய் கொடுத்து வாங்கிய முள்ளோடு நின்றுகொண்டிருந்தான்.

மெதுவாக வலது கை வந்தது. விரல்கள் மடங்கியே இருந்தன. கரியப்பன் காத்திருந்தான். விரல்கள் விரிந்தன.

முதல் நோட்டை அந்த உள்ளங்கையில் வைத்து, பறக்காமல் தன் கட்டைவிரலால் ஒரு அழுத்து அழுத்தினான். "ஒண்ணு" என்றான், நாலு ஊருக்கும் கேட்க. "ரெண்டு. மூணு." நோட்டு முடிந்து சில்லறை வந்தது, எட்டணா எட்டணாவாக ஜோடி சேர்த்து வைத்தான். அவசரமே படவில்லை. ஒரு காசில் ஒட்டியிருந்த செதிலைத் தன் வேட்டியில் துடைத்து வைத்தான், அடுத்ததைத் துடைக்காமலே வைத்தான். கை கனத்தது, அவர் இன்னொரு கையை அடியில் கொடுத்துத் தாங்கிக்கொண்டார்.

"நூத்தியேழு" என்றான் கரியப்பன். இரண்டு எட்டணாவை விரலில் எடுத்து, ஒன்றை வைத்தான், மற்றதையும் அதன்மேல் வைத்தான். "நூத்தியெட்டு."